முதலில் அவர்களுக்கு ஏன்? பெருந்தொற்று, பூர்வகுடிகள், தடுப்பூசி: ஓர் எளிய விளக்கம்

ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை, சிங்கப்பூரின் தேக்கா சந்தையில் தோசைக்குக் காத்திருந்தேன். பக்கத்து மேசையில் ஒரு பெரியவர் கைப்பேசியை எதிரில் இருந்தவரிடம் நீட்டிச் சொன்னார்: "பாத்தியா தம்பி, கொவிட் ஊசிய மொதல்ல கனடாவுல ஆதிவாசிங்களுக்குத்தான் போட்டுப் பாத்துருக்கானுங்க. செத்தா கேக்க ஆள் இல்லன்னுதான்." எதிரில் இருந்தவர் தே தாரேக்கை ஆற்றிக்கொண்டே, "இல்லண்ணே, அவங்க எங்க போட்டுக்கிட்டாங்க? ஊசின்னாலே காட்டுக்குள்ள ஓடிருவாங்களாமே" என்றார்.

போட்டுப் பார்த்தார்கள் என்றால் ஓடவில்லை, ஓடினார்கள் என்றால் போட்டுப் பார்க்கவில்லை. ஆனாலும் இருவரும் ஒருவருக்கொருவர் தலையாட்டிவிட்டுச் சாப்பிட்டு எழுந்து போனார்கள். இந்த இரண்டு கதையையும் நான் பல இடங்களில் கேட்டிருக்கிறேன், குடும்ப வாட்ஸ்அப் குழு உட்பட. இரண்டுமே தப்பு. ஏன் தப்பு என்று சொல்லத்தான் இது. நான் மருத்துவன் இல்லை, மொழிபெயர்ப்பு வேலை பார்ப்பவன். அந்த வேலைக்கும் இந்தக் கதைக்கும் என்ன தொடர்பு என்பது போகப்போகத் தெரியும்.

ஊசி உடம்புக்குள் என்ன செய்கிறது?

முதலில் ஊசியையே பார்த்துவிடலாம், அது புரியாமல் மற்றதைப் பேசிப் பயனில்லை.

நம் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) புளோக்குகளில் சில சமயம் மின்தூக்கிப் பக்கத்தில் போலிஸ் ஒரு படத்தை ஒட்டியிருக்கும். சட்டவிரோதமாக வட்டிக்கு விடும் கடன்முதலைகளுக்காக யார் வீட்டுக் கதவிலோ பெயிண்ட் ஊற்றியவன் கேமராவில் சிக்கிய படம். அந்தப் படம் யார் கதவிலும் பெயிண்ட் ஊற்றாது, அது வெறும் காகிதம். ஆனால் தினமும் அதைப் பார்த்துக்கொண்டே மேலே கீழே போகிறவர்களுக்கு அந்த மூஞ்சி மனதில் பதிந்துவிடும். நிஜ ஆள் அடுத்த முறை வந்தால், ஆறாம் மாடிக்குப் போவதற்குள் யாராவது போலிசுக்குப் போன் போட்டுவிடுவார்கள்.

தடுப்பூசி செய்வது அவ்வளவுதான். கிருமியின் படத்தை உடம்புக்குக் காட்டுகிறது. கொவிட் கிருமியைச் சுற்றி முள் முள்ளாக நீட்டிக்கொண்டிருக்குமே, அதற்கு முள்புரதம் என்று பெயர் வைத்துக்கொள்வோம். நம் உயிரணுவின் கதவைத் திறக்கக் கிருமி பயன்படுத்தும் சாவி அது. ஃபைசர் போன்ற ஊசிகள் அந்த முள்ளை மட்டும் உடம்புக்கு அறிமுகப்படுத்துகின்றன. உடம்பு அதைப் பார்த்து, அதன்மேல் கச்சிதமாக ஒட்டிக்கொள்ளும் பொருள்களைச் செய்கிறது. இவைதான் எதிர்ப்பொருள்கள். கூடவே, அந்த மூஞ்சியை ஞாபகம் வைத்துக்கொள்ளும் சில அணுக்களும் தங்கிவிடுகின்றன, நினைவணுக்கள்.

சில கொவிட் ஊசிகளில் இருக்கும் எம்ஆர்என்ஏ என்ற பொருளின் பெயரைக் கேட்டவுடன் பலர் "அது நம்ம மரபணுவையே மாத்திரும்" என்பார்கள். சமையல் புத்தகத்தை அலமாரியில் வைத்துப் பூட்டியிருக்கும் ஒரு வீட்டை நினைத்துக்கொள்ளுங்கள். சித்தி ஒரு துண்டுச்சீட்டில் ஒரே ஒரு பதார்த்தத்தின் செய்முறையை எழுதி அடுப்படிக்கு அனுப்புகிறார். அடுப்படியில் இருப்பவர் படித்துச் செய்கிறார், சீட்டு ஈரமாகிக் கிழிந்து குப்பைக்குப் போகிறது. அலமாரியை யாரும் திறக்கவே இல்லை. அலமாரிப் புத்தகம் நம் டிஎன்ஏ, அது உயிரணுவின் நடுவறையில் இருக்கிறது. சீட்டுதான் எம்ஆர்என்ஏ, முள்புரதம் செய்யும் குறிப்பு மட்டும் அதில் இருக்கும், நடுவறைக்குள் அது நுழைவதில்லை, சில நாளில் சிதைந்துவிடும். ஃபைசர், மொடர்னா இரண்டும் இந்த வகை. சினோவேக் பழைய வகை, செயலிழக்கச் செய்த முழுக் கிருமியையே காட்டுவது.

இன்னொன்று. படம் ஒட்டியிருக்கிறது என்பதற்காக அந்த ஆள் கட்டடத்துக்குள் நுழையவே மாட்டான் என்று சொல்ல முடியாது. நுழைவான், ஆனால் சேதம் செய்வதற்குள் பெரும்பாலும் மாட்டிக்கொள்வான். ஊசி போட்டவர்களுக்கும் கொவிட் வந்தது, கடுமையாகிச் சாவது வெகுவாகக் குறைந்தது.

இதுவரை: ஊசி நோய் தரும் கிருமியைத் தருவதில்லை, அதன் அடையாளத்தைத் தருகிறது. மரபணுவைத் தொடுவதில்லை. தொற்றே வராது என்று உறுதி சொல்வதில்லை, கடுமையாகாமல் காக்கிறது.

பூர்வகுடிகளுக்கு ஏன் முன்னுரிமை?

ஒரு நாட்டில் பின்னால் வந்து ஆட்சி அமைத்தவர்களுக்கு முன்பிருந்தே அங்கே வாழ்ந்து, தங்களுக்கென மொழியும் நிலமும் வழக்கமும் கொண்டவர்களைப் பூர்வகுடிகள் என்கிறோம். நம் ஊர் அரசியலமைப்புச் சட்டத்தின் 152ஆம் பிரிவு மலாய்க்காரர்களை அப்படித்தான் குறிப்பிடுகிறது. ஆனால் இங்கே நான் பேசுவது கனடா, அமெரிக்கா, பிரேசில் போன்ற நாடுகளில், நகரங்களை விட்டுத் தள்ளி, வசதி குறைந்த இடங்களில் வாழும் சமூகங்களைப் பற்றி.

அவர்களின் ரத்தமே பலவீனமானது, அதனால்தான் கொத்துக்கொத்தாகச் சாகிறார்கள் என்று ஒரு பேச்சு உண்டு. இதை நம்புகிறவர்கள் 2020ல் சிங்கப்பூரில் நடந்ததை ஒரு நிமிடம் நினைத்துப் பார்க்கலாம். வெளிநாட்டு ஊழியர் தங்குவிடுதிகளில் ஏறத்தாழ 3,23,000 பேர் இருந்தார்கள். அந்த ஆண்டு டிசம்பரில் வெளியான கணக்குப்படி அவர்களில் 47 விழுக்காட்டினருக்கு ஏதோ ஒரு கட்டத்தில் தொற்று வந்துபோயிருந்தது. வெளியே வீவக வீடுகளில் இருந்தவர்களுக்கு அதில் ஒரு சிறு பங்குகூட இல்லை. புதுக்கோட்டையிலிருந்தும் சிவகங்கையிலிருந்தும் வந்த இளைஞர்களின் ரத்தத்திலா கோளாறு? ஓர் அறையில் பத்துக்கும் மேற்பட்ட கட்டில், பொதுக் குளியலறை, பொது அடுப்படி. கிருமிக்கு யாருடைய ரத்தம் என்று தெரியாது, எத்தனை மூச்சு எவ்வளவு பக்கத்தில் என்பது மட்டும்தான் கணக்கு.

அமெரிக்காவில் நவஹோ என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தையே எடுத்துக்கொள்ளுங்கள். பரப்பளவில் ஏறக்குறைய நூறு சிங்கப்பூரை உள்ளே வைக்கலாம், மளிகைக்கடைகளோ விரல்விட்டு எண்ணும் அளவுதான். சுமார் மூன்றில் ஒரு வீட்டுக்குக் குழாய்த் தண்ணீர் இல்லை. "அடிக்கடி கை கழுவுங்கள்" என்ற அறிவுரை அங்கே போய்ச் சேரும்போது என்ன ஆகும்? ஒரே கூரையின் கீழ் தாத்தா, பாட்டி, பேரன், பேத்தி எல்லாரும் இருப்பார்கள். நீரிழிவு பரவலாக உண்டு. பெரிய மருத்துவமனைக்கு மணிக்கணக்கில் கார் ஓட்ட வேண்டும். 2020 மே மாதம், மக்கள்தொகைக்கு இத்தனை பேர் என்று கணக்கிட்டால், நவஹோ நிலத்தின் தொற்று விகிதம் நியூயார்க் மாநிலத்தையே தாண்டியிருந்தது.

நமக்குப் பக்கத்திலேயே ஓர் உதாரணம் இருக்கிறது, கொவிட்டுக்கு முந்தைய ஆண்டு நடந்தது. கிளந்தான் மாநிலத்தில் குவாலா கோ என்ற ஊரில் வாழும் பாத்தேக் மக்களிடையே 2019ல் அடுத்தடுத்துச் சாவுகள். மலேசியாவின் ஒராங் அஸ்லி எனப்படும் பூர்வகுடிகளில் ஒரு பிரிவினர் அவர்கள். முதலில் "மர்ம நோய்" என்று செய்தி வந்தது. ஜூன் மாதம் மலேசிய சுகாதார அமைச்சு அது தட்டம்மை என்று உறுதிசெய்தது. நம் பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே ஊசி போட்டு நாம் மறந்தே போய்விட்ட நோய்! ஊசி முழுமையாகப் போய்ச்சேராத ஒரு சின்னக் கூட்டத்தில் அது பத்துக்கும் மேற்பட்ட உயிர்களோடு சேர்த்துப் பேசப்பட்டது.

இதுவரை: ஆபத்து ரத்தத்தில் இல்லை. வீடு, தண்ணீர், தூரம், ஏற்கெனவே இருக்கும் நோய், இவைதான் கூட்டல் கணக்கு. அந்தக் கணக்கு பெரிதாக இருக்கிற இடத்துக்கு ஊசி முதலில் போக வேண்டும் என்பதுதான் முன்னுரிமை.

அப்படியானால் சோதனை எலிகளா?

கனடாவின் தடுப்பூசி ஆலோசனைக் குழு 2020 டிசம்பரில் முதல் வரிசைக்கு யார் யாரைப் பரிந்துரைத்தது? முதியோர் இல்லங்களில் இருப்போரும் அங்கே வேலை செய்வோரும், மிகுந்த வயதானவர்கள், சுகாதார ஊழியர்கள், பூர்வகுடிச் சமூகங்களில் வாழும் வயதுவந்தோர். ஊசி என்ன செய்யுமோ என்று பயந்து ஆள் பிடிப்பவன் தன் மருத்துவரையும் தாதியையும் கொண்டுபோய் அதே வரிசையில் நிறுத்துவானா? நம் ஊரிலும் 2020 டிசம்பர் 30ஆம் தேதி முதலில் கை நீட்டியவர்கள் தேசியத் தொற்றுநோய் நிலையத்தின் ஊழியர்கள்தான்.

சோதனை என்பது அதற்கு முன்பே நடந்த வேறு கட்டம். ஃபைசரின் பெரிய சோதனையில் ஏறக்குறைய 44,000 பேர் தாமாக முன்வந்து சேர்ந்தார்கள். பாதிப் பேருக்கு நிஜ ஊசி, பாதிப் பேருக்கு வெறும் உப்புத்தண்ணீர், யாருக்கு எது என்று அவர்களுக்கும் தெரியாது. நவஹோ மக்களும் அதில் இருந்தார்கள், உண்மைதான். ஆனால் நவஹோக்களின் சொந்த ஆய்வுக் குழு ஆராய்ந்து அனுமதி கொடுத்த பிறகே, விரும்பியவர்கள் மட்டும். என்ன செய்யப்போகிறார்கள், என்ன ஆபத்து, எப்போது வேண்டுமானாலும் விலகலாம் என்று எல்லாம் தெரிந்துகொண்டு "சரி" சொல்வதை அறிந்த ஒப்புதல் என்பார்கள். எலியிடம் யாரும் ஒப்புதல் கேட்பதில்லை.

இந்த இடத்தில் மேசைப் பெரியவரை நான் முழுக்கக் குறை சொல்ல மாட்டேன். கொவிட் ஊசி விஷயத்தில் அவர் சொன்னது தப்பு. வரலாற்றில் தப்பில்லை.

சந்தேகத்துக்கு விதை போட்டது யார்?

அமெரிக்காவின் கிராண்ட் கேன்யன் பள்ளத்தாக்குக்குள் வாழும் சிறிய இனம் ஹவசுபாய். 1990களின் தொடக்கத்தில், உங்கள் மக்களிடம் நீரிழிவு ஏன் இவ்வளவு என்று கண்டுபிடிக்கிறோம் என்று சொல்லி அரிசோனா மாநிலப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ரத்தம் எடுத்தார்கள். அந்த ரத்தத்தை வைத்துப் பிறகு மனச்சிதைவு பற்றியும், அவர்களின் மூதாதையர் எங்கிருந்து வந்தார்கள் என்பது பற்றியும் ஆய்வு நடந்தது. கொடுத்தவர்களுக்குத் தெரியாது. வழக்குப் போட்டு, 2010ல்தான் சமரசமாகி மிச்சமிருந்த ரத்தம் திரும்ப வந்தது.

கனடாவில் பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து வைத்த உறைவிடப் பள்ளிகள் இருந்தன. 1948க்கும் 1952க்கும் இடையில் அவற்றில் சிலவற்றில், சத்துக்குறைவாக இருந்த குழந்தைகளை வைத்து ஊட்டச்சத்து ஆய்வு நடத்தினார்கள். ஒப்பிட்டுப் பார்ப்பதற்காகச் சிலரைத் தெரிந்தே அரைப்பட்டினியில் விட்டார்கள். இது பரவலாக வெளியே தெரிந்தது 2013ல்.

சரி, அதெல்லாம் பழைய கதை என்பீர்கள். 2009ல் எச்1என்1 காய்ச்சல் வந்தபோது மனிட்டோபா மாநிலத்துப் பூர்வகுடி ஊர்கள் உதவி கேட்டுக் காத்திருந்தன. கனடா சுகாதாரத் துறையிலிருந்து வந்த பொருள்களைப் பிரித்துப் பார்த்தால், பிணம் சுற்றும் பைகள். பின்னால் வருத்தம் தெரிவித்தார்கள். அந்தப் பெட்டியைப் பிரித்த கைகள் பதினோரு வருடம் கழித்து, அதே அரசு அனுப்பிய இன்னொரு பெட்டியையும் பிரிக்க வேண்டியிருந்தது.

இதைத் தெரிந்துகொண்டு "படிப்பறிவில்லாமல் பயப்படுகிறார்கள்" என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அவர்கள் நன்றாகவே படித்திருக்கிறார்கள், வேறு பாடத்தை. வதந்திக்குப் படிப்பு தடையும் இல்லை: ஃபைசர் ஊசி போட்டு நீங்கள் முதலையாக மாறினால் அது உங்கள் பாடு என்று 2020 டிசம்பரில் பேசியது பிரேசிலின் அப்போதைய அதிபர் போல்சொனாரோ, அமேசான் கிராமத்துக் கிழவர் யாரும் இல்லை.

மொழிபெயர்த்தால் போதுமா?

இப்போது என் வேலைக்கு வருகிறேன்.

நாலு மொழியில் அச்சடித்து ஒட்டிவிட்டால் தகவல் போய்விட்டது என்று நினைப்பவர்கள் அதிகம். கொவிட் காலத்தில் ஒரு கட்டடத்தின் கீழே ஒட்டியிருந்த அறிவிப்பை நான் படமெடுத்து வைத்திருக்கிறேன். தமிழ்ப் பகுதியில் எழுத்துரு உடைந்து, கொம்பு தனியாக, கால் தனியாக, புள்ளிகள் எல்லாம் வட்டமாக மிதந்துகொண்டிருந்தன. இரண்டு வாரம் அப்படியே இருந்தது. அதைப் பார்த்த தமிழருக்குக் கிடைத்த ஒரே தகவல், உன்னைப் பற்றி இங்கே யாரும் கவலைப்படவில்லை என்பதுதான்.

எழுத்து சரியாக இருந்தாலும் சொல் தன் பங்குக்கு வேலை காட்டும். தமிழில் எல்லாவற்றையும் "கிருமி" என்றே சொல்லிவிடுகிறோம். "கிருமிக்குத்தான் மாத்திரை இருக்கே, அப்புறம் எதுக்கு ஊசி?" என்று எங்கள் அப்பாயி கேட்டது அதனால்தான், ஆன்டிபயாட்டிக் கொல்வது பாக்டீரியாவை, கொவிட்டோ வைரஸ், ஆனால் அவருக்கு இரண்டும் ஒரே சொல். "தடுப்பூசி" என்ற சொல் இன்னும் மோசம், பெயரிலேயே "தடுக்கிறேன்" என்று வாக்குக் கொடுத்துவிடுகிறது. ஊசி போட்டவருக்குத் தொற்று வந்ததும் "எங்க தடுத்துச்சு?" என்றார்கள். பழைய ஆட்கள் "அம்மை குத்தியாச்சா?" என்று கேட்பார்களே, அந்தச் சொல் அப்படி எதையும் உறுதி சொல்லவில்லை. நவஹோக்கள் கொவிட்-19க்குத் தங்கள் மொழியிலேயே பெயர் வைத்துக்கொண்டார்கள். அர்த்தம், பெரிய இருமல் பத்தொன்பது. பாட்டிக்கும் புரியும், பேத்திக்கும் புரியும். எனக்குக் கொஞ்சம் பொறாமைதான்.

அப்படியானால் உள்ளூர் வேடம் போட்டுச் சொன்னால் நம்புவார்களா? அதையும் நம்மிடமே முயன்று பார்த்திருக்கிறார்கள். 19ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில், மாட்டம்மையிலிருந்து எடுத்த அம்மைத் தடுப்பு சென்னைக்கு வந்தபோது மக்கள் தயங்கினார்கள். திருக்குறளின் ஒரு பகுதியை ஆங்கிலத்தில் மொழிபெயர்த்தாரே ஆங்கிலேயர் எல்லிஸ், அவர் தன்வந்திரியும் சக்தியும் பேசிக்கொள்வது போலத் தமிழில் ஒன்றை எழுதினார்: பசு தரும் மற்ற பொருள்களைப் போல இதுவும் பசு தந்த கொடை என்று தேவியே சொல்வதாக. நோக்கம் நல்லது, தமிழும் நன்றாகவே இருந்திருக்கும். ஆனால் பேசியது சக்தி இல்லை, கிழக்கிந்தியக் கும்பெனியின் கலெக்டர். அது தெரிந்துபோகும் நாளில் நல்ல ஊசிக்கும் சேர்த்துக் கெட்ட பெயர் வரும்.

வேடம் போடாமல், யார் பேச்சுக்கு அங்கே மதிப்போ அவரையே பேசவைப்பதுதான் நடந்த இடங்களில் எல்லாம் வேலை செய்தது. 2020 டிசம்பரில் முயிஸ் எனப்படும் சிங்கப்பூர் இஸ்லாமிய சமய மன்றம், ஊசி முஸ்லிம்களுக்கு ஆகுமானதே, போட்டுக்கொள்வது நல்லது என்று அறிவித்ததும் நம் மாமா ஒருவரின் வாதம் அன்றோடு நின்றது. நவஹோ நிலத்தில் அவர்கள் மக்களே நவஹோ மொழி வானொலியில் பேசினார்கள். பழங்குடி அமைப்புகளே சொந்தக் கையில் எடுத்து நடத்தியபோது, 2021ல் அமெரிக்கப் பூர்வகுடிகளின் தடுப்பூசி விகிதம் அந்த நாட்டின் மற்ற இனத்தவர்களைவிட முன்னே போனது. "ஊசின்னாலே ஓடுவார்கள்" என்ற கதை அங்கேயே செத்துவிட்டது, தேக்காவுக்குத்தான் செய்தி இன்னும் வரவில்லை.

கெட்டதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும், இதைப் பலர் மறந்துவிடுகிறார்கள். எம்ஆர்என்ஏ ஊசிக்குப் பிறகு அரிதாக, பெரும்பாலும் இளம் ஆண்களுக்கு, இதயத் தசையில் அழற்சி வந்தது. 2021ல் நம் சுகாதார அமைச்சு அதை மறைக்காமல், ஊசிக்குப் பின் ஒரு வாரம் கடுமையான உடற்பயிற்சி வேண்டாம் என்று சொன்னது. குளிர்ச்சங்கிலியும் அப்படித்தான். மருந்து தயாரித்த இடத்திலிருந்து கைக்கு வரும்வரை குளிர் குறையாமல் கொண்டுவருவதற்கு அந்தப் பெயர். ஃபைசருக்கு அப்போது கழித்தல் 70 பாகை வேண்டியிருந்தது, மொடர்னாவுக்குக் கழித்தல் 20 போதும், அதனால் விமானத்தில் மட்டுமே போகக்கூடிய வட கனடா ஊர்களுக்கு மொடர்னா போனது. காரணத்தைச் சொல்லாமல் பெட்டியை மட்டும் இறக்கினால், "நகரத்துக்கு ஒன்று, எங்களுக்கு ஒன்றா?" என்று யாருக்கும் கேட்கத் தோன்றும்.

இதுவரை: தகவல் என்பது சொல் மட்டும் இல்லை. யார் சொல்கிறார், எந்தச் சொல்லில், கேள்வி கேட்டால் பதில் வருமா, இத்தனையும் சேர்ந்தது.

முதல் வரிசையில் மொழி

எனக்கு இந்த விஷயத்தில் மிகவும் பிடித்த முடிவு அமெரிக்காவின் ஓக்லஹோமாவில் செரோக்கி பூர்வகுடி மக்கள் எடுத்தது. அவர்கள் மொழியைச் சரளமாகப் பேசுபவர்கள் அப்போது சுமார் 2,000 பேர்தான், பெரும்பாலும் வயதானவர்கள். 2020 டிசம்பரில் ஊசி வந்தபோது, மருத்துவ ஊழியர்களோடு, செரோக்கி பேசத் தெரிந்தவர்களையும் முதல் வரிசைகளில் வைத்தார்கள். ஒரு பாட்டி போனால் அவரோடு போகும் சொற்களை எந்த மருத்துவமனையும் மீட்டுத்தராது என்று அவர்களுக்குத் தெரிந்திருந்தது.

எங்கள் அப்பாயி ஈசூனில் இருக்கிறார். 2021ல் நான் எம்ஆர்என்ஏ பற்றி, மேலே எழுதிய சமையல் சீட்டுக் கதை உட்பட, அரை மணிநேரம் விளக்கினேன். கடைசியில் அவர் கேட்டது ஒன்றுதான்: "இத யாரு சொன்னா?" பலதுறை மருந்தகத்தில் பல வருடமாக அவருக்குச் சர்க்கரை பார்க்கும் தமிழ்த் தாதி, "நானும் போட்டுக்கிட்டேன் பாட்டி, ரெண்டு நாள் கை வலிச்சுது" என்று சொன்ன பிறகு மறுவாரமே போய்ப் போட்டுக்கொண்டார்.

இரண்டாம் ஊசிக்கு மறுநாள் காலை நலம் விசாரித்து நானே போன் செய்தேன், அறிவிப்புகளில் இருக்கும் அதே வரிசையில் கேட்டேன். காய்ச்சல் இருக்கா என்றால் இல்லை என்றார். நிம்மதியாக வைத்துவிட்டேன். மத்தியானம் மருந்தகத்துக்கு வேறு வேலையாகப் போனவரை அந்தத் தாதி பார்த்து, "மேலு சுடுதா பாட்டி?" என்று கேட்டிருக்கிறார்.

"ஆமாம்மா, ராத்திரிலேருந்து."

பனடால் இரண்டு கொடுத்து, தண்ணீர் நிறையக் குடிக்கச் சொல்லி அனுப்பினாராம்.